மதிலுக்குள் கிணறு

ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். துறைமுகத் தலைவன் சம்சாமுத்தீன் அதைத் தன் தோட்டத்தோடு சேர்த்து வளைத்து மதில் எழுப்பிவிட்டான். பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். உப்புத் தண்ணீர் குடித்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதன.

நெய்னாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாய்மரக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். தலை நரைத்த பிறகு கடலை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான ஷெய்கு நூஹ் லெப்பையிடம் மார்க்கக் கல்வி ஓத வந்திருந்தார்.

"ஹஜ்ரத், இவன் அந்தக் கொடுங்கோல் அரசன் ஃபிர்அவ்னேதான். நாலு பேரோடு போய் மதிலை இடித்துத் தள்ளிவிடுகிறேன்."

"முதலில் பேசிப் பார்ப்போம். நீங்களும் வாருங்கள், காக்கா" என்றார் ஷெய்கு, அண்ணனை அழைப்பதுபோல.

போனார்கள். தலைவன் ஊஞ்சலை விட்டு எழவில்லை. ஷெய்கு ஸலாம் சொன்னார்.

"தலைவரே, அந்தக் கிணறு அல்லாஹ் கொடுத்தது. அதை அடைத்து வைப்பது அநியாயம். நாளை அவன் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ என்ற கவலையில் வந்தேன்."

"இந்தத் துறையில் ஊறுகிற ஒவ்வொரு சொட்டும் என்னுடையது" என்றான் தலைவன். "இந்த ஆளை வெளியே தள்ளு!"

காவலாள் ஷெய்கின் மார்பில் கை வைத்துத் தள்ளினான். அவர் மல்லாந்து விழுந்தார். நெய்னா கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். கிடந்த இடத்திலிருந்தே ஷெய்கு அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தார்.

"காக்கா, என்னைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்."

வேறு வழியில்லாமல், ஓங்கிய கையாலேயே நெய்னா அவரைத் தூக்கிவிட்டார்.

ஷெய்கு மண்ணைத் தட்டிக்கொண்டு, முதலில் சொன்னதையே மறுபடியும் சொன்னார். அதே குரலில்.

தலைவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில் மட்டும் கதவைத் திறந்துவிடு" என்று காவலாள்மேல் எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் தோட்டத்தில் ஒரே குடச் சத்தம், சிரிப்புச் சத்தம். ஷெய்கும் நெய்னாவும் வயிறு குளிரக் குடித்துவிட்டு மரநிழலில் உட்கார்ந்தார்கள். நெய்னாவுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"ஹஜ்ரத், இவனாவது பாதி இறங்கி வந்தான். ஃபிர்அவ்னிடம் மென்மையாகப் பேசுங்கள் என்று மூஸா நபிக்கும் ஹாரூன் நபிக்கும் அல்லாஹ் சொன்னானே. அவன் திருந்தமாட்டான் என்று அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு அந்த மென்மை யாருக்காக?"

ஷெய்கு அவர் பக்கம் திரும்பினார்.

"மூஸா நபி வாலிப வயதில் ஃபிர்அவ்னின் மிஸ்ரு நாட்டில் ஒருவனைக் கையால் குத்தினாரே, அவன் என்ன ஆனான்?"

"ஒரே குத்தில் செத்துப்போனான்."

"கொல்ல நினைத்தா குத்தினார்?"

"இல்லை ஹஜ்ரத். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாரே."

"அந்தக் கையோடுதான் அவர் மறுபடியும் ஃபிர்அவ்னின் அரண்மனைக்குள் போக வேண்டியிருந்தது, காக்கா."