கட்டைவிரலுக்குக் கீழே

"எந்தக் கீயை எங்க வெச்சா எழுத்து வரும், யாஸ்மின்?"

தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் கீபோர்டு, அதன் ஒயர் தரையில் இழுபட்டது.

அவர் நாடகம் எழுதுகிறவர். யாஸ்மினுக்கு அவர் மகள் வயது. மதுரையில் ஒரு மாடி அறையில், அவரவர் விரலுக்கு ஏற்றபடி கீபோர்டில் கீகளை இடம் மாற்றிக் கொடுக்கிறவள். இந்தக் கீபோர்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அவளைக் 'குரு' என்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

"போன மாசம்தானே மாத்திக் குடுத்தேன் சார்?"

"அப்புறம் நானே ரெண்டு தடவை மாத்திட்டேன். அடுத்த வாரம் நாடகம். கடைசிக் காட்சி இன்னும் எழுதலை. நாளைக்குள்ள தரலைன்னா வேற நாடகம் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"என்ன காட்சி?"

"அப்பன் மகள்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்ல சொருகி, உக்காந்து அடிங்க."

அடித்தார். யாஸ்மின் திரையைப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டே சத்தத்தை மட்டும் கேட்டாள்.

டீ முடிந்தது.

"போதும். கட்டைவிரலுக்குக் கீழ என்ன வெச்சிருக்கீங்க?"

தணிகாசலத்துக்கு ஒரே பெருமை.

"பேக்ஸ்பேஸ்! எந்தக் கீயை அதிகமா அடிக்கிறேன்னு கணக்கெடுத்தேன். அழிக்கிற கீதான் முதல்ல வந்துச்சு. அதிகம் அடிக்கிறது விரலுக்குப் பக்கத்துல இருக்கணும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அத்தனை நேரம் அடித்ததில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: அம்மாடி.

யாஸ்மின் கட்டைவிரல் கீயைப் பிடுங்கித் தன் மேசை டிராயரில் போட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கீபோர்டின் அமைப்பில் என்னவோ மாற்றினாள்.

"இனி இதுல எந்தக் கீயும் அழிக்காது. அழிக்கிற கீ வேணும்னா வந்து வாங்கிக்கங்க."

"தப்பா அடிச்சுட்டா?"

"அடிங்க."

"விளையாடாதே யாஸ்மின்."

"மவுஸையும் தொடக் கூடாது. குருன்னு கூப்பிடுறீங்கல்ல?"

தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். என்ன முணுமுணுத்தார் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. நாடகம் முடிந்த மறுநாள் காலையில் வந்தார், ஒரு கையில் கீபோர்டு, மறு கையில் அல்வாப் பொட்டலம்.

"என்ன சார், தப்பே வரலையா?"

"வராம இருக்குமா? 'அம்மாடி, உன் நல்லதுக்குத்தான் அப்படிச் செஞ்சேன்'னு ஆரம்பிச்சுட்டான் அந்த அப்பன். சுத்தப் பொய். அழிக்கலாம்னு விரல் போச்சு. நீ கீயைப் பிடுங்கின இடத்துல வெறும் குச்சிதான் நிக்குது. அமுக்கினேன், ஒண்ணும் ஆகலை."

"அப்புறம்?"

"உன்னைத் திட்டினேன்."

"அப்புறம்?"

"அவனையே சொல்ல வெச்சேன். 'இல்லைம்மா, அது பொய். என் கௌரவத்துக்காகச் செஞ்சேன்.' அப்புறம் அதுவும் முழு நெசமில்லைன்னு தெரிஞ்சுது. 'இல்லைம்மா, பயந்துட்டேன்.' இப்படியே இல்லைம்மா, இல்லைம்மான்னு திருத்திக்கிட்டே போனான். நேத்து சபையில ஒருத்தர்கூட இருமலை."

மூக்கை உறிஞ்சினார். சிரித்தார். அன்று அவரைப் போல நிறைந்த மனுஷன் ஊரில் இருந்திருக்க மாட்டார்.

யாஸ்மின் டிராயரிலிருந்து அந்தக் கீயை எடுத்தாள்.

"பூட்டித் தரவா?"

"தா. காகிதம் முழுக்க எழுத்துப் பிழை. நடிச்சவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க."

அவள் கம்ப்யூட்டரில் மறுபடி அமைப்பை மாற்றிவிட்டு, அந்தக் கீயைக் கீபோர்டின் மேல் வரிசையில், வலது கோடி மூலையில் பூட்டினாள். அவர் விரலை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. கையையே தூக்கி நகர்த்தித்தான் தொட முடிந்தது.

"இவ்வளவு தூரத்துலயா? கை போய்ச் சேரவே நேரமாகுமே!"

"ஆகட்டும்," என்றாள் யாஸ்மின், அல்வாவைப் பிரித்தபடி.