முள் மாப்பிள்ளை

குன்றிமணிக் காட்டில் மத்தளம் என்ற கரடிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் தேனம்மை, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அங்கே போக ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் உண்டு.

அந்தப் பாதையைத் துப்புரவாக வைத்திருந்தது ஒரு சின்னக் கூட்டம். சில்லம்மா என்ற முள்ளம்பன்றி, இரண்டு கீரிகள், ஓர் ஆமை. மழை விட்டதும் வேலையில் இறங்கிவிடுவார்கள். சில்லம்மா செடிகளைக் கடித்து அறுப்பாள். கீரிகள் இழுத்துப் போடுவார்கள். ஆமை, "ம், அப்படித்தான்!" என்று சொல்வார். வேலை நேரத்தில் இரை தேட முடியாது அல்லவா? அதனால் பாதையில் போகிறவர்கள் அங்குள்ள மரப்பொந்தில் ஒரு பழமோ கிழங்கோ போட்டுவிட்டுப் போவது காட்டு வழக்கம்.

மத்தளம் மட்டும் பலாப்பழத்தை முழுசாகத் தின்றுவிட்டு, சக்கையைப் பாதையிலேயே எறிவான்.

"மாப்பிள்ளைத் தம்பி, பொந்துல ஏதாவது போட்டுட்டுப் போங்க!" என்றாள் சில்லம்மா.

"எதுக்கு? நான் நடந்தாலே பாதை ஆயிடும்! என் உடம்புக்கு முன்னால எந்த முள்ளு நிக்கும்?" என்றான் மத்தளம்.

இந்த வாய்ச்சவடால் மான்களுக்கும் பிடித்துப்போனது. ஓசியில் நடப்பதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? பொந்து காலியானது. பசி தாங்காமல் கூட்டம் இரை தேடிப் போய்விட்டது. ஆமை மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு பிடித்தது அடைமழை. உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் மண்டிப் பாதையையே காணவில்லை.

நிச்சயதார்த்த நாள் வந்தது. கரடிகள் தட்டு மாற்றுவதில்லை. மாப்பிள்ளை மாமனாரைக் கட்டிப்பிடித்தால் நிச்சயம் முடிந்தது. மத்தளம் மினுமினுப்பாக இருக்கட்டும் என்று உடம்பெல்லாம் தேனைப் பூசிக்கொண்டு கிளம்பினான். அழகுக்காம்!

"வழி விடு!" என்று புதருக்குள் பாய்ந்தான். முள் வழி விடவில்லை. ஒடிந்த முள்ளெல்லாம் தேனில் ஒட்டிக்கொண்டது. போதாதென்று சருகும் இரண்டு தவளையும் ஒட்டிக்கொண்டன.

"ஐயோ! ஒரு புதர் நடந்து வருது!" என்று அலறினாள் மாமியார்க் கரடி.

"அத்தை, நான்தான் உங்க மாப்பிள்ளை!"

மாமனார் நல்ல மனசுக்காரர். "வாங்க மாப்பிள்ளை!" என்று கைகளை விரித்தார். மத்தளம் ஆசையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஆ! அம்மா! விடுடா! விடுடா!"

விட்டால்தானே! தேன் இருவரையும் ஒட்டிவிட்டது. மாமியாரும் மச்சான்களும் சேர்ந்து இழுத்துத்தான் பிரித்தார்கள்.

"நிச்சயமும் இல்லை, ஒண்ணும் இல்லை! முள்ளில்லாம வந்தா பேசலாம்!" என்று கத்தினார் மாமனார். தேனம்மை விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தளத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அழுதுகொண்டே திரும்பியவன் சில்லம்மாவைத் தேடிப் பிடித்தான். "அக்கா, பாதையைத் திறந்து விடுங்க! எவ்வளவு பழம் வேணும்னாலும் தர்றேன்!"

"செய்யறோம் தம்பி. ஆனா செடியெல்லாம் மரமா முத்திப்போச்சு. முன்ன மாதிரி ஒரு காலையில முடியாது."

மத்தளம் பழம் சுமந்தான். முள்ளை இழுத்தான். கை காலெல்லாம் கீறிக்கொண்டு மாதக்கணக்கில் கூட்டத்தோடு உழைத்தான். "ம், அப்படித்தான்!" என்றார் ஆமை. அதையும் பொறுத்துக்கொண்டான்.

ஒருவழியாகப் பாதை திறந்தது. மத்தளம் குளித்து, ஒரு முள்கூட இல்லாமல், கைகளை விரித்தபடியே ஓடினான். "மாமா! வந்துட்டேன்!"

அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. பாதையே தேவைப்படாத பக்கத்துக் குகைக் கரடி, மாமனாரை எப்போதோ கட்டிப்பிடித்துவிட்டான். தேனம்மை கழுத்தில் மாலை தொங்கியது.

"வாங்க தம்பி, கை நனைச்சுட்டுப் போங்க!" என்றார் மாமனார்.

நீதி: நாம் நடக்கும் பாதையைக் காப்பவர்களுக்குப் பாதை திறந்திருக்கும்போதே கைகொடுக்க வேண்டும், முள் மண்டிய பிறகு ஓடி உழைத்தாலும் போய்ச் சேர நேரமாகிவிடும்.