வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை

“அறை சுகம்தான். மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் விலை வைக்கவில்லை!”

காட்டு விடுதியிலிருந்து மண் கொட்ட வந்த யாரோ புதருக்குப் பின்னால் சொன்னது வயல் எலியின் காதில் விழுந்தது. நிற்க நேரமில்லை. அறுவடை இயந்திரம் அதன் வளையை நசுக்கிவிட்டது. மழைக்காலத்துக்கு மிஞ்சியது ஐந்தே நெற்கதிர்கள். அவற்றை இழுத்துக்கொண்டு, மூன்று குஞ்சுகளோடு அது மண்ணுக்கடியில் இருந்த அந்த விடுதிக்குள் நுழைந்தது.

முள்ளம்பன்றிதான் அங்கே முதலாளி.

“வா தங்கச்சி! ஒரு நாள் தங்க ஒரு கூடை மண் அள்ளினால் போதும்!”

இலவம்பஞ்சு மெத்தை. ஒரு சொட்டு ஈரமில்லை. குஞ்சுகள் உருண்டு சிரித்தன.

“ஆனால் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை!” என்று முள்ளம்பன்றி கதிர்களைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டது.

“போகும்போது தருவீங்கதானே, அண்ணே?”

“முதல்ல தூங்கும்மா!”

காலையில் குஞ்சுகள் பசியில் கத்தின. முள்ளம்பன்றி ஓர் இலையில் மூன்று நெல்லை வைத்துக் கொண்டுவந்தது.

“ஒரு நெல்லுக்கு ஒரு நாள் தோண்டணும். மூணு நாள்!”

கடைக்குட்டி ஒரு நெல்லைப் புரட்டிப் பார்த்தது. “அம்மா, இது நம்ம நெல்லு! நேத்து நான் கடிச்ச தடம் இருக்கு, பாரு!”

எலியின் மீசை துடித்தது. “எங்க நெல்லை எங்களுக்கே விக்கிறீங்களா?”

“உள்ளே வந்த பொருள் விடுதிக்குச் சொந்தம். சுவரில் எழுதியிருக்கே!”

“எங்கே?”

“எனக்குப் பின்னால்” என்று முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

குஞ்சுகள் பசியோடு பார்த்தன. எலி தோண்டப் போனது. அங்கே ஒரு தேரையும் தோண்டிக்கொண்டிருந்தது.

“ஒரு வாய் தண்ணி கேட்டேன். அதுக்கு நாலு நாள் வேலை. நீ படுத்திருக்கியே, அந்த அறையும் நான் தோண்டினதுதான்!”

“ஏன்னு கேக்கலையா நீ?”

“மெத்தை நல்லா இருக்கு. எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

எலிக்கு ஆத்திரம் பொங்கியது. கூடையை எட்டி உதைத்தது.

“மெத்தைக்காக வாயை மூடினா, நம்ம பொருளை நமக்கே விப்பாங்க, நம்ம கையாலேயே அவங்களுக்கு அறையும் கட்டிக்குவாங்க!”

அது தோண்டும் திசையை மாற்றியது. கிடங்குச் சுவரைப் பிளந்தது. தன் கதிர்களை மட்டும் வெளியே இழுத்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, வெயில் தெரியும்வரை மேல்நோக்கித் தோண்டி வெளியேறியது.

தேரை கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு, அந்த ஓட்டை வழியே வெளியே குதித்தது.