ஏழாம் நம்பர் பஸ்ஸும் கூத்தப்பெருமானும்

திருமுல்லையூரில் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கும் தொண்டைச் செய்துவந்தார் மாசிலாமணியார். விடியுமுன் குளித்து, நீறு பூசி, கோபுரம் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியில் ஏறுவார். உள்ளே போய்க் கும்பிட நேரம் வாய்ப்பதில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் இப்படி நின்றபடியே கழிந்தன. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன.

கை காட்டிய எவரையும் விட்டுச் செல்வதில்லை என்பது அவர் கொண்ட நோன்பு. எல்லாரையும் ‘சாமி’ என்றே அழைப்பார். ஊர் சிறிதாக இருந்தவரை இதனால் தொல்லையில்லை. பிறகு வயல்களெல்லாம் நகர்களாயின; சிக்னல்கள் முளைத்தன. பஸ்ஸுக்கு விதித்த நேரம் மட்டும் பழையபடி முப்பத்தைந்து நிமிடமே. காகிதத்தில் ஓடும் பஸ்ஸுக்கு நெரிசல் ஏது? தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ மேல் மெமோ வந்தது. “சாமி பேரைச் சொல்லி எங்க டிரிப்பையும் கெடுக்கிறாரு” என்று சக கண்டக்டர்கள் சிரித்தார்கள். உட்கார இடம் கிடைத்தவர்களோ, நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிறாரே என்று திட்டினார்கள். அப்போதும் கை காட்டியவருக்கு விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவார்.

அவருக்கு ஒரே ஓர் ஏக்கம். மார்கழித் திருவாதிரையன்று கூத்தப்பெருமான் வீதியில் ஆடி வருவதை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும். ஆண்டுதோறும் அன்றைக்குத்தான் மற்றவர்கள் விடுப்பு எடுப்பார்கள். வேலை இவர் தலையில் விழும். இதற்குள் கண்ணில் நோய் வந்தது. “அடுத்த மார்கழிக்குப் பார்வை இருக்கும்னு சொல்ல முடியாதுங்க” என்றார் டாக்டர். மாசிலாமணியார் முதன்முறையாகத் திருவாதிரைக்கு விடுப்புக் கேட்டார். கிடைத்தது.

அன்று வேட்டியும் நீறுமாகக் கோயிலுக்கு நடந்தவர், பஸ் நிலையத்தைக் கடக்கும்போது ஏழாம் நம்பர் புறப்படாமல் நிற்பதைக் கண்டார். மாற்றுக் கண்டக்டர் வரவில்லை. டிரிப் ரத்து என்றார்கள். டிரைவர் தங்கமாரி அவரைப் பார்த்ததும் பதறினார்.

“அண்ணே, இந்தப் பக்கமே பாக்காதீங்க. நேரா கோயிலுக்குப் போங்க.”

“அன்னை நகர் ஸ்டாப்புல பனியில நூறு பேரு நிப்பாங்க, தங்கமாரி. அவங்கள நிக்க வச்சுட்டு நான் அங்க போய் என்னத்தப் பாக்க? வண்டிய எடு.”

சொல்லிவிட்டாரே தவிர, அவர் மனம் ஆறவில்லை. நிலையத்தில் டிக்கெட் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, கோபுரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எட்டு மணிக்குத் தெற்கு வீதியில் சுவாமி வருகிறார் என்று, பஜார் தெரு அந்த வீதியில் சேரும் முனையில் போலீசார் பஸ்ஸை ஓரங்கட்ட வைத்தார்கள். பயணிகள் இறங்கி ஓடினார்கள். மாசிலாமணியாரும் காலை வெளியே வைத்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அசைந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் சவரியம்மாள், பூசணிக்காய் மூட்டையோடு தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். எந்தப் பஸ்ஸும் அவளை மூட்டையோடு ஏற்றுவதில்லை. அவர் திரும்பிப் போய் மூட்டைக்குத் தோள் கொடுத்து, அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு முனைக்கு வந்தார். சுவாமி கடந்துவிட்டார். மங்கிய கண்ணுக்கு ஆடும் குடை மட்டும் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

“நமக்குக் கொடுத்து வைக்கல” என்று பஸ் படியில் உட்கார்ந்து அழுதார்.

அங்கே முன்னால் ஒரு கூச்சல் எழுந்தது. மேல வீதித் திருப்பத்தில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். கோயிலில் எவருக்கும் அது தெரியவில்லை. மேலே போக வழியில்லை; கடந்துவிட்ட முனைக்கே மீண்டும் வந்து, பஜார் தெரு வழியாகத்தான் போகவேண்டும். வலம் வரும் சுவாமியின் முகத்தை வந்த வழிக்குத் திருப்பும் வழக்கம் அங்கே இல்லை. எனவே சுமப்பவர்கள் பின்னடி வைத்தே நடக்கவேண்டியதாயிற்று. அவர்களுக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பல்லக்கு சாய்ந்தது.

மாசிலாமணியார் எழுந்து ஓடினார். எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. பல்லக்கின் பின்னால் போய் நின்று, பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார்.

“வரட்டும்… வரட்டும்… ரைட்ல கல்லு கிடக்கு, லெஃப்ட்ல ஒடிச்சு வரட்டும்… மெதுவா… வரட்டும்…”

ஊரையே ஆட்டுவிக்கும் பெருமான், ஒரு கண்டக்டரின் விசிலுக்கு அடிமேல் அடியாகப் பின்னால் வந்தார். தெரு முனையில் மாசிலாமணியார் ஒரு நீண்ட விசில் கொடுக்க, பல்லக்கு நின்றது. அவர் பஸ் நின்ற ஓரத்துக்கு ஒதுங்கினார். பல்லக்கு பஜார் தெருவுக்குள் நுழையப் பக்கவாட்டில் திரும்பியபோது, அவருக்கு நேர் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது திருமுகம். தூரத்தில் இருந்திருந்தால் அந்த மங்கிய கண்களுக்குத் தெரிந்திருக்காது.

குருக்கள் கற்பூரம் ஏற்றினார். “நல்லாப் பாத்துக்கோங்கோ. அவர் உங்களண்டதான் திரும்பி வந்திருக்கார்” என்றார்.

மாசிலாமணியார் பார்த்தார். தூக்கிய திருவடியைப் பார்த்தார். சிரிப்பைப் பார்த்தார். பின்பு இரு கை கூப்பி, “போதும் சாமி” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஆட்கள் காத்திருப்பதால் படியேறினார்.

நின்று நின்றே தொண்டு செய்த அந்த வலித்த கால்களை வணங்குவோம்.