மூலைக்கு வந்த நாற்காலி

குழலி டீச்சரிடம் யோகா படிக்க வருகிறவர்களில் செல்வரங்கம் சார்தான் மூத்தவர். அவருக்கு அறுபத்து நான்கு வயது, டீச்சருக்கு முப்பத்தாறு. வெளியே அவர் பேச ஆரம்பித்தால் அடுத்தவர் வாய் திறக்க முடியாது. சைக்கிள் கடை மாடியில் இருக்கிற அந்தக் கூடத்தில் மட்டும் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாக அவர்தான் செயலாளர். வேறு யாரும் நிற்பதில்லை, அவரும் விடுவதில்லை.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டினோம். அவர் சுருட்டவில்லை.

"டீச்சர், மாநகராட்சியில மறுபடியும் நிராகரிச்சுட்டாங்க."

தெருக்காரர்கள் ஒன்று சேர்ந்து தங்கள் இடத்தைச் சீர்செய்ய முன்வந்தால் எங்கள் மாநகராட்சி நிதி கொடுக்கும். எங்கள் தெரு மூலையில் ஒரு காலி இடம் குப்பைமேடாகக் கிடந்தது. அங்கே பூங்கா அமைக்க வேண்டும் என்று அவர் இரண்டு தடவை விண்ணப்பித்தார். இரண்டு தடவையும் ஒரே வரியில் பதில் வந்தது. மக்கள் பங்கேற்பு போதாது.

"நூத்திப் பன்னிரண்டு கையெழுத்து டீச்சர். இதுக்கு மேல என்ன பங்கேற்பு வேணும்?"

"எப்படி வாங்கினீங்க சார்?"

"குடியரசு தினத்துக்குக் கொடியேத்தி லட்டு குடுத்தோம். லட்டு வாங்க வந்தவங்க எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. லட்டு வாங்கியதற்குத்தான் கையெழுத்து என்று நினைத்துப் போட்டேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம் பாதித் தெரு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். முதல் கட்டத்தில் 'குழு தொடங்கப்பட்ட நாள்' என்று இருந்தது. சங்கம் பதிவான தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் முத்திரையும் குத்தியிருந்தார் செயலாளர். நடுப்பக்கத்தில் நீரூற்று வைத்த பூங்காவின் வரைபடம் இருந்தது.

"இந்தப் பூங்கா யாருக்கு சார்?"

"பொதுமக்களுக்கு."

"சரி. யாருக்கு?"

அவர் பாயைப் பார்த்தார். "தையல்நாயகிக்கு," என்றார். அவருடைய மனைவி. "முட்டி தேஞ்சு போச்சு டீச்சர். மாடியை விட்டு இறங்கி ரெண்டு வருஷம் ஆகுது. மூலையில உட்கார ஒரு இடம் இருந்தா அதுவரைக்கும் நடந்து வந்துருவேன்னு சொல்றா. பெஞ்சு போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். மூணு தடவைதான் விண்ணப்பிக்கலாம். இந்த மாசக் கடைசியோட முடியுது."

சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

"வீட்டுல நாற்காலி இருக்கா சார்?"

"இருக்கு."

"சாயங்காலம் நாலு மணிக்கு அதை மூலைக்கு எடுத்துட்டுப் போங்க. ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்துட்டு வாங்க."

"விண்ணப்பத்தையும் கொண்டு போறேன்."

"காகிதம் வேண்டாம்."

அவர் போனார். மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போகவில்லை. ராத்திரி மனைவியையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "தனியா குப்பைமேட்டுல போய் உட்கார எனக்கென்ன வேண்டுதலா?" என்று அந்த அம்மா முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கோபமாக வந்தார்.

"நேத்து ஒரு நிமிஷம் தண்ணி குடிக்கப் போனேன் டீச்சர். திரும்பி வந்தா, தெரு பெருக்குற அம்மா என் நாற்காலியில உட்கார்ந்திருக்கு. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்திரிச்சுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாற்காலியைத் துடைச்சுட்டு உட்கார்ந்தேன்."

டீச்சர் கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார். கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"அவங்க பேரு?"

"கேக்கல."

"எத்தனை வருஷமா அங்க பெருக்குறாங்க?"

"தெரியல."

"இன்னைக்கு ரெண்டு நாற்காலி எடுத்துட்டுப் போங்க சார்."

அந்த அம்மா பேர் பேச்சியம்மாள். ஒன்பது வருஷமாக அந்த மூலையைப் பெருக்குகிறார். உட்காரச் சொன்னதும் முதலில் மறுத்தார், பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எவ்வளவு பெருக்கினாலும் இங்கே ஏன் குப்பை சேருகிறது என்று செயலாளர் கேட்டார்.

"தொட்டி டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாடி இருக்குல்ல சார். கிட்டப் போகப் பயந்துக்கிட்டு எல்லாரும் தூரத்துல இருந்து வீசுறாங்க. முன்னாடி இழுத்து வச்சா போதும். நானும் சொல்லிட்டேதான் இருக்கேன், யாரு கேக்குறா?"

பதினொரு வருஷச் செயலாளருக்கு இது தெரியாது. இரண்டு பேருமாகத் தொட்டியை முன்னால் இழுத்து வைத்தார்கள். ஒரே வாரத்தில் மூலையில் தரை தெரிந்தது.

அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர் சகாயம் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். டியூஷன் எடுக்கிற பர்வீன் பிரம்பு நாற்காலி கொண்டுவந்தார். நானும் போனேன். பத்து நாளில் ஒன்பது இருக்கை சேர்ந்துவிட்டது, ஒன்றுக்கொன்று ஜோடி கிடையாது.

ஒரு வியாழக்கிழமை பேச்சியம்மாள் செயலாளர் வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "எக்கா, நாங்க இத்தனை பேரு இருக்கோம். நீங்க மட்டும் மேல என்ன பண்றீங்க? மெதுவா இறங்கி வாங்க."

பத்தொன்பது படி. தையல்நாயகி அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூலை வரைக்கும் நடந்து வந்து, செயலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தார். "காத்து நல்லா வருதே," என்றார். செயலாளர் எங்கள் எல்லோர் முன்னாலும் அழுதார். நானும் அழுதேன், சும்மா சொல்லக் கூடாது.

விண்ணப்பத்தை மூலையிலேயே உட்கார்ந்து எழுதினோம். நீரூற்றை எடுத்துவிட்டோம். சாய்ந்து உட்கார முதுகு வைத்த பெஞ்சு தையல்நாயகி அம்மா கேட்டது. விளக்கு பர்வீன் கேட்டது. கைகால் கழுவ ஒரு குழாய் பேச்சியம்மாள் கேட்டது. குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சகாயத்துக்கும் பேச்சியம்மாளுக்கும் பெரிய வாக்குவாதம். நாற்பத்தோரு பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அன்று லட்டு கிடையாது.

கடைசித் தேதி அன்று காலை செயலாளர் விண்ணப்பத்தை டீச்சரிடம் நீட்டினார். எல்லாம் நிரப்பியிருந்தது, முதல் கட்டம் மட்டும் காலி.

"குழு தொடங்கப்பட்ட நாள்னு இருக்கு டீச்சர். சங்கத் தேதியைப் போட இந்தத் தடவை கை வரல. பேச்சியம்மா, சகாயம், பர்வீன், யாருமே அந்தச் சங்கத்துல இல்ல. நான் முதல் நாற்காலியைக் கொண்டு போட்ட தேதியை எழுதட்டுமா?"

"அன்னைக்கு நீங்க தனியாத்தானே சார் இருந்தீங்க?"

"ஆமா. அப்போ ரெண்டாவது நாற்காலி போட்ட தேதியா?"

டீச்சர் தன் பேனாவைத் திறந்து அவரிடம் கொடுத்தார்.

"நீங்க கூப்பிடாமலே ஒருத்தங்க வந்து உங்க நாற்காலியில உட்கார்ந்தாங்களே சார், அது என்னைக்கு?"