அமலி விரலைப் பிடிச்ச நண்டு

ஒரு ஊர்ல ஒரு அக்கா இருந்தாளாம். அமலின்னு பேரு. அலையாத்திக் காட்டை ஒட்டி, கடலோரத்துல வீடு. அவளோட அப்பா மிக்கேலுக்குப் பத்து நாளாக் காய்ச்சல். அப்புறம் காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா வாய்க்கு ருசி வரல. கஞ்சி குடுத்தா "வேணாம்". இட்லி குடுத்தா "வேணாம்". பாயை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. "நண்டு ரசம் வச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்"னு முனகினாராம்.

அப்போ அமலி என்ன பண்ணினா? ஊர் பாக்க வர்றவங்களை ஏத்திட்டுப் போற ஒல்லியான காயக் படகு ஒண்ணு அவகிட்ட இருந்துச்சு. அதை எடுத்தா.

"அதுலயா நண்டு பிடிக்கப் போற? அது படகா, வெண்டைக்காயா?"ன்னார் அப்பா.

"வெண்டைக்காய்ல போய் நண்டோட வரேன், பாருங்க."

ம் சொல்றியா? ம்... சரி.

துடுப்புப் போட்டா. சளப்... சளப்... மீன் தலை கட்டின மூணு வலையை இறக்கினா. ரொம்ப நேரம் காத்திருந்தா. அப்புறம் ஒண்ணொண்ணாத் தூக்கினா. முதல் வலையில பொடி நண்டு. "போ, வளந்துட்டு வா." ப்ளக்! ரெண்டாவது வலையில, அடிவயித்துல கொத்துக் கொத்தா முட்டை வச்ச தாய் நண்டு. "நீ போ தாயி." ப்ளக்! மூணாவது வலையில... அப்பாடா! கையகலத்துக்கு ஒரு நீல நண்டு! கொடுக்கு ரெண்டும் கடக் கடக்!

வாளியில போட்டா. ஆனா அவசரத்துல கொடுக்கைக் கட்டக் கயிறு எடுத்துட்டு வரல. அப்போ ஒரு அலை வந்துச்சு. வாளி டமால்! நண்டு சர சர சரன்னு ஓடி, அவ நீட்டி வச்ச காலோட கட்டை விரலை லபக்!

"ஆத்தாடி!"

எந்திரிச்சுக் குதிக்கலாமா? படகு கவுந்துரும். இழுக்கலாமா? இழுக்க இழுக்க நண்டு இறுக்கும். காலைத் தண்ணிக்குள்ள விட்டா நண்டு தானா விட்டுரும். ஆனா ஓடிரும். அப்புறம் அப்பாவுக்கு ரசம்?

அமலி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. காலை அசைக்கல. துடுப்பை எடுத்தா. சளப்... "இஸ்ஸ்"... சளப்... "இஸ்ஸ்"...

படகு மணல்ல தட்டுச்சு. கரையில வலை காயப்போட்ட செலின் அத்தை பாத்துட்டா. "ஏ அமலி! யாருடி உனக்கு மெட்டி போட்டது?" கரையே சிரிச்சுச்சு.

"சிரிக்காதீங்க அத்தை, வலிக்குது!" அமலி ஓன்னு அழுதுட்டா.

அந்த அழுகை வீட்டுக்குள்ள கேட்டுச்சு. பத்து நாளா எழுந்திரிக்காத மிக்கேல் எழுந்துட்டார்! சுவத்தைப் பிடிச்சு, கதவைப் பிடிச்சு, ஒரு சட்டியைத் தூக்கிட்டு வந்துட்டார். சட்டியில கடல் தண்ணி மொண்டு, மக காலை அதுக்குள்ள வச்சார்.

"அசையாத."

ஒண்ணு... ரெண்டு... மூணு... நண்டு மெதுவா விட்டுருச்சு. விரலும் தப்பிச்சுது, நண்டும் சட்டிக்குள்ளயே கிடந்துச்சு.

"கிறுக்கி! கடல்லயே விட்டிருக்கலாம்ல?"

"விட்டா நீங்க என்னத்தைச் சாப்பிடுவீங்க?"

அப்பா துண்டால அவ காலைத் துடைச்சு விட்டார்.

அன்னிக்கு மத்தியானம் ரசம் தள தளன்னு கொதிச்சுச்சு. அப்பா தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார். அப்புறம் பெரிய கொடுக்கை எடுத்து அமலி தட்டுல வச்சார்.

"இதுதானே உன்னைக் கடிச்சுது? இப்ப நீ கடி."

கடக்!

அவ்வளவுதான் கண்ணு, கதை கரை ஏறிருச்சு. காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ. தூங்கு.