மிச்சம் நாலு

மலையடிவாரத்தில் உள்ள நாச்சியாரம்மாவின் ஆசிரமத்துக்கு ஞானம் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு சுவர். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கறுப்பு வண்ணம் அடித்த சுவர். தினமும் காலையில் அம்மா அதில் சாக்பீஸால் பதினாறு சொற்களை எழுதி வைப்பார். ஒன்றோடொன்று உறவுள்ளவற்றை நாலு நாலாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகுதான் கஞ்சி. இதுவா ஞானம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கஞ்சி வாசம் வந்ததும் அவர்களும் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

திருமேனிக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. வயது அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் ரயிலில் தபால் பிரித்த கை. மூன்று கூட்டத்தை மளமளவென்று பிரித்துவிடுவார். நாலாவதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

அன்றும் அப்படித்தான். மீந்து நின்றவை சிலந்தி, தூக்கணாங்குருவி, கூடைக்காரி, ஜடை.

"இந்த நாலும் ஏன் ஒண்ணு, ஐயா?" என்று கேட்டார் அம்மா. அவர் திருமேனியைவிட இருபது வயது இளையவர்.

"மிச்சம் அதுதானேம்மா. தானா சேர்ந்துக்கும்."

"ஏன்னு கேட்டேன்."

"வேற எங்க போகப் போகுது?"

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் கரண்டியை நிறுத்தாமல், "எல்லாத்துலயும் பின்னல் இருக்குல்ல" என்றாள்.

திருமேனி கிண்ணத்தை நீட்டினார். அவர் மனசு அங்கே இல்லை. எல்லோரும் போன பிறகும் அம்மாவின் பக்கத்திலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை மருதவாணன் வர்றான்."

"உங்க பையன்தானே. நல்லது."

"மஸ்கட் போறானாம். மூணு வருஷம். சொல்லிட்டுப் போக வர்றான்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் அவனுக்கும் பேச ஒண்ணுமில்லம்மா. செண்பகம் இருந்த வரைக்கும் எல்லாம் அவ வழியாத்தான். 'அப்பாகிட்ட சொல்லும்மா'ன்னு அவன் சொல்வான். 'உன் புள்ளகிட்ட சொல்லி வை'ன்னு நான் சொல்வேன். அவ போயிட்டா. அதோட தபால் நின்னு போச்சு."

ஊருக்கெல்லாம் கடிதம் பிரித்த மனிதர், வீட்டுத் தபாலை மனைவி தலையில் கட்டியிருந்தார். நம்மில் பாதி அப்பாக்கள் அப்படித்தான்.

"பொண்ணுங்க ரெண்டும் அதது வீட்டுல. செண்பகம் சாமிகிட்ட. மீதி நானும் அவனும். மாசாமாசம் வர்றான். சாப்பிட்டியாங்கறேன். ம்ங்கறான். பஸ் வந்துடுது. இந்தத் தடவை, நான் தியானத்துல இருக்கேன்னு சொல்லி அனுப்பிடலாமாம்மா?"

அவருக்குப் பயம். மூன்று வருஷத்துக்கான மௌனத்தையும் ஒரே நாளில் பக்கத்தில் உட்கார்ந்து தாங்க வேண்டுமே என்ற பயம். தன் வயசுக்கு அது கடைசி மௌனமாகவும் ஆகிவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அம்மா சுவரில் மீந்து நின்ற நாலு சொற்களைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை சுவரில் நாலே நாலு சொற்கள் இருந்தன. எழுத்தும் அம்மாவுடையது இல்லை.

பாலம். நுங்கு. ஈரச் சட்டை. ஒற்றைச் செருப்பு.

"மத்த பன்னிரண்டு எங்கம்மா?"

"பிரிச்சு எடுத்தாச்சு. இது மிச்சம். ஏன் ஒண்ணுன்னு சொல்லிட்டுக் கஞ்சி குடிங்க."

திருமேனி சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். நுங்கு என்றால் கோடை. ஈரச் சட்டை என்றால் மழை. செருப்பு எதிலும் ஒட்டவில்லை. மற்றவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். கஞ்சி ஆறிப்போனது. லட்சம் கையெழுத்து பார்த்த கண்ணுக்கு இது யாருடைய கை என்றும் பிடிபடவில்லை.

பத்து மணி இருக்கும். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க, ஐயா."

"ரயில்வே பாலத்துக்குக் கீழ. அவனுக்கு ஏழு வயசு. வழுக்கி ஆத்துல விழுந்துட்டான். நான் குதிச்சேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா." மூச்சு வாங்கினார். "எப்படிக் கரைக்கு வந்தோம்னு இன்னைக்கும் தெரியாது. அவன் கால்ல ஒரு செருப்புதான் இருந்துச்சு. சட்டை காயற வரைக்கும் மணல்ல உட்கார்ந்திருந்தோம். நுங்கு வாங்கிக் கொடுத்தேன். செண்பகத்துகிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம். செருப்பு எங்கடான்னு அவ கேட்டதுக்கு, நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னோம்."

"அவங்க நம்பிட்டாங்களா?"

"கடைசி வரைக்கும் தெரியாது அவளுக்கு. அவ வழியாப் போகாதது அது ஒண்ணுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சுவரைப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தைப் பார்த்தார். மகனிடமிருந்து தனக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை, தானும் எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் பஸ்ஸுக்கே வந்துட்டானா?"

"வாசல் வேப்பமரத்தடியில இருக்கார். உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு நாலு சொல்லுல எழுதுங்கன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை."

திருமேனி எழுந்தார். நாலு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"போய் என்னம்மா பேசுறது?"

அம்மா சுவரைத் துடைக்கத் துணியை எடுத்தார். துடைக்காமலே அதை மடித்து வைத்தார்.

"நாய்னு முதல்ல சொன்னது யாரு, ஐயா?"

"அவன்தான்." திருமேனி நெற்றியைத் தேய்த்தார். "இல்ல, நானா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் மரத்தடியில இருக்கார். பஸ் நாலு மணிக்குத்தான்."